பிளெக்ஸா, பேப்பரா, துணியா? ஆய்வுப் போஸ்டர் அடிக்கும் முன் ஓர் ஒப்பீடு

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு, என் பழைய ஆய்வகத்து ஜூனியர் ஒருத்தி வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "அக்கா, போஸ்டரை பிளெக்ஸ்லயே அடிச்சிடலாமா? கடைக்காரர் ஒரு மணி நேரத்துல தர்றேங்கிறார்." அவளுக்குக் கோவையில் ஒரு தேசிய மாநாடு, இன்னும் எட்டு நாள்தான்; ஆய்வைப் பெரிய போஸ்டராக அச்சிட்டு, பலகையில் மாட்டி, பக்கத்தில் நின்று விளக்க வேண்டும். அடுத்த ஆண்டு ஜெர்மனியில் ஒன்று இருக்கிறது, விசா கிடைத்தால். "அடி" என்றோ "வேண்டாம்" என்றோ ஒரு வார்த்தையில் முடிக்கலாம்தான். ஆனால் அவள் கேட்டது ஒரு கேள்வி மாதிரி இருந்தாலும் அதற்குள் நாலைந்து கேள்விகள் இருந்தன. என்ன அளவு, எதில் அச்சிடுவது, எங்கே அச்சிடுவது, எவ்வளவு எழுதுவது, எந்த மென்பொருளில் செய்வது.

பிஎச்டி காலத்தில் நான் ஐந்து போஸ்டர் போட்டிருக்கிறேன். ஒன்று பிளெக்ஸ், இரண்டு பேப்பர், ஒன்று துணி, கடைசி ஒன்று டிவி திரையில். ஐந்திலும் ஏதாவது ஒரு தப்பு செய்தேன். பெரும்பாலானவர்கள் மென்பொருளைத் திறந்து, டெம்ப்ளேட் தேடி, நிறம் பார்த்து, கடைசி ராத்திரியில்தான் கடையைப் பற்றி யோசிக்கிறார்கள். எனக்கு அனுபவம் சொல்லிக்கொடுத்தது தலைகீழ் வரிசை. முதலில் அது எந்தப் பலகையில் தொங்கப்போகிறது, அப்புறம் எப்படிப் பயணம் செய்யப்போகிறது, அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம்.

முதலில் பலகை

மாநாட்டுக் குறிப்பில் இரண்டு விஷயம் தேட வேண்டும்: பலகையின் அளவு, நெடுவாக்கா அகலவாக்கா என்பது. ஐரோப்பாவில் பெரும்பாலும் ஏ0, நெடுவாக்கு. அதாவது 841 × 1189 மில்லிமீட்டர், சரியாக ஒரு சதுர மீட்டர். அமெரிக்காவில் 36 × 48 அங்குலம் அதிகம் புழங்கும். அகலவாக்கில் நீளமான பலகை வைக்கிற மாநாடுகளும் அங்கே உண்டு. நெடுவாக்கில் அடித்துக்கொண்டு அகலப் பலகை முன்னால் போய் நின்றால் கீழ்ப்பகுதி முழங்காலுக்குக் கீழே தொங்கும். பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நம் ஊர் பிளெக்ஸ் கடையில் ஏ0 என்று சொன்னால், "மூணுக்கு நாலு தானே மேடம்?" என்பார்கள். மூன்றடிக்கு நாலடி என்பது 36 × 48 அங்குலம். அது அமெரிக்க அளவுக்குச் சரி, ஏ0 அளவுக்குச் சரியில்லை. ஏ0 என்பது 33.1 × 46.8 அங்குலம். வித்தியாசம் கொஞ்சம்தானே என்று நானும் தலையை ஆட்டிவிட்டேன். கடையில் இருந்த பையன் என் கோப்பைப் பிடித்து மூன்றுக்கு நாலு சட்டத்துக்குள் நாலு மூலையும் இழுத்து நிரப்பிவிட்டான். ஏ0 வின் விகிதம் 1:1.414, மூன்றுக்கு நாலின் விகிதம் 1:1.333. விளைவு, அகலம் உயரத்தைவிட ஆறு சதவீதம் கூடுதலாக விரிந்தது. கல்லூரி முத்திரை வட்டமாக இருந்தது, முட்டையாகிவிட்டது. நுண்ணோக்கிப் படத்தில் கோளமான துகள்கள் எல்லாம் நீள்வட்டம். "துகள்கள் கோள வடிவில் உள்ளன" என்று பக்கத்திலேயே எழுதியிருந்தேன்.

அதோடு முடியவில்லை. மாநாட்டுப் பலகை 90 × 120 செ.மீ. ஏ0 அதில் அழகாக உட்கார்ந்திருக்கும். மூன்றுக்கு நாலு என்பது 91.4 × 121.9 செ.மீ. ஓரத்தில் ஒன்றரை, அடியில் இரண்டு சென்டிமீட்டர் பிதுங்கியது. பக்கத்துப் பலகைக்காரர் நல்ல மனிதர், அவருடைய இடத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்.

ஆகவே கடையில் "ஏ0" என்று மட்டும் சொல்லாதீர்கள். "84.1-க்கு 118.9 சென்டிமீட்டர், இழுக்காம நூறு சதவீதத்துல போடுங்க, மிச்ச ஓரத்தை வெட்டிடுங்க" என்று சொல்லுங்கள். பெரிய பிரிண்டர்களில் 36 அங்குல ரோல் போட்டிருந்தால் ஏ0 அதில் தாராளமாகப் பொருந்தும், இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் மிஞ்சும்.

எதில் அச்சிடுவது

பிளெக்ஸுக்காக முதலில் வாதாடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைத் திட்டுவார்கள். தமிழ்நாட்டில் எந்தச் சிற்றூரிலும் பிளெக்ஸ் கடை இருக்கிறது. காதுகுத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் ராத்திரி பத்து மணிக்கு மேலும் அடித்துக் கொடுப்பார்கள். விலை சதுர அடிக் கணக்கு. ஏ0 பத்தே முக்கால் சதுர அடி, மூன்றுக்கு நாலாகப் பில் போட்டாலும் பன்னிரண்டு. இருப்பதிலேயே மலிவு அதுதான். மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. ஐப்பசியில் மாநாடு என்றால் இது சின்ன விஷயமில்லை.

குறைகளும் உண்டு. பிளெக்ஸ் பிரிண்டர் சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. தலைவரின் முகம் இருபதடி தூரத்தில் தெரிந்தால் போதும். ஆய்வுப் போஸ்டரை ஒன்றரை மீட்டரில் நின்று படிக்கிறார்கள்; வரைபடத்தின் அச்சுக் கோட்டில் இருக்கும் எண்களைப் பார்க்கக் குனிந்து இன்னும் கிட்ட வருகிறார்கள். அந்தத் தூரத்தில் சாதா பிளெக்ஸில் மையின் புள்ளிகள் தெரியும், சின்ன எழுத்தின் ஓரம் கசங்கும். "ஸ்டார் பிளெக்ஸ்" என்று கேட்டால் பரப்பு கொஞ்சம் மழமழப்பாக இருக்கும், அச்சும் தேவலை. பளபளப்பு மட்டும் போகாது. மாநாட்டு அரங்கின் டியூப்லைட் நேராக உங்கள் முடிவுரையில் மின்னும். அப்புறம் மையின் வாடை. மாலை அடித்து மறுநாள் காலை ரயிலில் கொண்டுபோனால் அந்த கூபே முழுக்கத் தெரியும். எடையும் கூடுதல், குண்டூசி சுலபமாக இறங்காது, இரட்டைப் பக்க டேப் மெதுவாக உரிந்து விடும். என் பிளெக்ஸை இப்போது அம்மா மொட்டைமாடியில் குப்புறப் போட்டு அதன்மேல் பாய் விரித்து வடகம் காய வைக்கிறார். ஐந்து போஸ்டர்களில் இன்னமும் வேலை பார்ப்பது அது ஒன்றுதான்.

பிளெக்ஸுக்கு அடுத்து போட்டோ பேப்பர், அதாவது கிளாஸி. நிறம் எழும்பி நிற்கும், கடையில் விரித்துப் பார்க்கும்போது மனசு குளிரும். விரல் ரேகை படும், விளக்கு மின்னும், மடிந்தால் வெள்ளைக் கோடு விழும். போஸ்டரைப் படம் எடுக்கிறவர்கள் கோணம் மாற்றி மாற்றி நகர்ந்துகொண்டிருப்பார்கள். நுண்ணோக்கிப் படமே பிரதானம் என்றால் ஒழிய இதற்கு நான் கூடுதல் காசு கொடுக்க மாட்டேன்.

என் ஓட்டு மேட் பேப்பருக்கு. 170, 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அளவில், பூச்சு உள்ள மேட் பேப்பர். ஏ0 ஒரு சதுர மீட்டர் என்பதால் ஜிஎஸ்எம் எவ்வளவோ அதுவே உங்கள் போஸ்டரின் எடை, கிராமில். 180 ஜிஎஸ்எம் என்றால் 180 கிராம். கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். மின்னாது, எழுத்து கூர்மையாக வரும், நாலு குண்டூசியில் நிற்கும். இது பிளெக்ஸ் கடையில் கிடைக்காது. பெரிய இங்க்ஜெட் பிளாட்டர், அதாவது அகலத் தாளில் அடிக்கும் பிரிண்டர், வைத்திருக்கும் கடையைத் தேட வேண்டும். சென்னையில் திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை பக்கம் அச்சுக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. மற்ற ஊர்களில் கட்டட வரைபடம் அடித்துத் தரும் கடைகளில் கேளுங்கள், ஆனால் ஓர் எச்சரிக்கையோடு. வரைபடக் கடைகளில் பெரும்பாலும் எண்பது, தொண்ணூறு ஜிஎஸ்எம் சாதாத் தாள்தான் ரோலில் இருக்கும். கோடுகள் அடிக்க அது போதும். உங்கள் போஸ்டரின் பின்னணி அடர்நீலம் என்றால் அவ்வளவு மையையும் அந்தத் தாள் தாங்காது, ஈரத்தில் அலை அலையாக நெளியும். என் இரண்டாவது போஸ்டர் அப்படித்தான் வாழைநார் மாதிரி ஆனது. அன்றிலிருந்து எனக்குப் பின்னணி வெள்ளைதான்.

துணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கம் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பாலியஸ்டர் துணியில் சப்ளிமேஷன் முறையில் அச்சிடுவது. முதலில் ஒரு தாளில் அச்சடித்து, அதைத் துணியோடு சேர்த்து ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் அழுத்துவார்கள். சாயம் ஆவியாகி இழைக்குள்ளேயே போய்விடும். பருத்தியில் இது பிடிக்காது. கிரிக்கெட் ஜெர்சியில் பெயரும் எண்ணும் அடிப்பது இதே முறைதான், அதனால் திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மடித்துச் சட்டைகளுக்கு நடுவில் பெட்டியில் வைத்துவிடலாம். போய்ச் சேர்ந்ததும் மிதமான சூட்டில் ஒரு தேய்ப்பு. போஸ்டரைச் சுருட்டி வைக்கும் டியூப் இல்லை, விமானத்தில் வாக்குவாதம் இல்லை. குறை என்னவென்றால், கறுப்பு கொஞ்சம் சாம்பல் பூத்தாற்போல் வரும், மிகச் சின்ன எழுத்தின் ஓரம் லேசாக மங்கும், விலை மற்ற மூன்றையும்விட அதிகம். மெல்லிய துணி என்றால் பலகையின் நடுவில் தொப்பை போடும், நாலு ஊசி போதாது, எட்டு ஊசியாவது வேண்டும். ஓரம் பிரியாமல் சூட்டில் வெட்டித் தரச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நூல் வரும்.

சன்போர்டில், அதாவது தடித்த நுரைப் பலகையில், ஒட்டித் தரட்டுமா என்று கடைக்காரர் கேட்பார். மாநாடு உங்கள் கல்லூரியிலேயே என்றால் சரி. வெளியூர் என்றால் அந்தப் பலகையைப் பேருந்தில் ஏற்றுவதை ஒரு முறை கற்பனை செய்து பாருங்கள்.

இங்கேயா, போய் இறங்கிய இடத்திலா

உள்நாட்டு மாநாடு என்றால் யோசனையே வேண்டாம், இங்கேயே அடித்து டியூபில் எடுத்துப் போங்கள். ரயிலில் மேல் படுக்கை கிடைத்தால் அதுவும் உங்களோடு படுத்துக்கொள்ளும். சுருட்டும்போது அச்சுப் பக்கம் வெளியே தெரியும்படி சுருட்டுங்கள். எல்லோரும் பாதுகாப்பு என்று உள்ளே வைத்துச் சுருட்டுவார்கள். அப்படிச் செய்தால் விரித்து மாட்டியதும் மூலைகள் நம்மை நோக்கிச் சுருண்டு வரும். வெளியே வைத்தால் மூலை பலகையை நோக்கி அழுந்தும். மேலே ஒரு பழைய நாள்காட்டித் தாளைச் சுற்றினால் கீறலுக்கும் பயமில்லை.

வெளிநாடு என்றால்தான் கணக்கு மாறுகிறது. ஏ0 தாளுக்கு டியூப் தொண்ணூறு சென்டிமீட்டர் நீளம் வரும். கைப்பை அளவு 55 செ.மீ. என்று விமான நிறுவனங்கள் போட்டிருக்கும். பெரும்பாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அந்த வாசலில் உங்களிடம் பதில் இருக்காது, அதுதான் பிரச்சினை. இறங்கும் அவசரத்தில் தலைக்கு மேல் தட்டிலேயே விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு.

போய் இறங்கிய ஊரில் அடித்துக்கொள்வது கேட்க நன்றாக இருக்கிறது. பென் டிரைவ் மட்டும் எடுத்துப் போனால் போதும். சில மாநாடுகளே அச்சு ஏற்பாடும் செய்து தருகின்றன. முன்கூட்டியே கோப்பை ஏற்றி, பணம் கட்டி, அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் யூரோவில் கட்ட வேண்டும், அச்சு எப்படி வந்தது என்பது மாநாட்டு வாசலில்தான் தெரியும். ஜெர்மனி என்றால் இன்னொரு சங்கதி. மாநாடு திங்கட்கிழமை தொடங்கும், நாம் ஞாயிறு போய் இறங்குவோம், அங்கே ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது. என் ஜூனியரிடம் அடுத்த ஆண்டுக்குத் துணி என்று சொன்னதற்கு இதுதான் காரணம். உள்ளூருக்கு மேட் பேப்பர், கடல் கடந்தால் துணி.

எவ்வளவு எழுதுவது

மேலே சொன்னதெல்லாம் காசும் அலைச்சலும் சம்பந்தப்பட்டவை. யாராவது நின்று படிப்பார்களா என்பதைத் தீர்மானிப்பது இந்தப் பகுதி. ஆனால் நாம் இதற்குக் கொடுக்கிற நேரம்தான் குறைவு. ஆய்வுச் சுருக்கத்தை அப்படியே எடுத்து ஒட்டி, அறிமுகம், முறை, முடிவு என்று மூன்று பத்தியாகப் பிரித்தால் முடிந்தது என்று நினைக்கிறோம்.

மைக் மாரிசன் என்பவர் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வு மாணவராக இருந்தபோது, 2019இல் யூடியூபில் ஒரு கார்ட்டூன் வீடியோ போட்டார். போஸ்டரின் நடுவில் பெரிய இடத்தை எடுத்துக்கொண்டு, ஆய்வின் முக்கிய முடிவை ஒரே ஒரு எளிய வாக்கியமாகப் பெரிய எழுத்தில் எழுது. இடப் பக்கம் ஒல்லியான பத்தியில் சுருக்கம். வலப் பக்கம் விவாதத்துக்கு வேண்டிய வரைபடங்கள். நடுவில் கீழே முழுக் கட்டுரைக்கு ஒரு கியூஆர் கோடு. அவ்வளவுதான் யோசனை. உலகம் முழுக்க மாநாடுகளில் அந்த வடிவம் பரவியது.

நமக்கு இது புதிதில்லை என்று எனக்குத் தோன்றும். நம் ஊர்ச் சுவரில் இருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பாருங்கள். ஓடும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்கு யார் போனார், என்றைக்கு என்பது இரண்டு நொடியில் தெரிந்துவிடும். பெரிய முகம், பெரிய பெயர், தேதி. வருந்தும் உற்றார் உறவினர் பட்டியல் கீழே பொடி எழுத்தில், வேண்டியவர் நின்று படிக்கட்டும் என்று. அதைத் தயாரித்தவர் வடிவமைப்புப் பாடம் எதுவும் படித்திருக்க மாட்டார். ஆனால் படிப்பவர் நகர்ந்துகொண்டிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும்.

மாரிசன் வடிவத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நடுவில் அவ்வளவு பெரிய நிறப் பரப்பில் ஒரு வாக்கியம் மட்டும் இருப்பது, பொருளியல் பேராசிரியர் மேடையில் ஒரே வரி சொல்லிவிட்டு இறங்குவது மாதிரி இருக்கிறது. என் துறையில் ஆதாரம் படத்தில்தான் இருக்கிறது. அதை ஓரப் பத்தியில் தள்ளிவிட்டால் பார்ப்பவர் எதை நம்புவார்? அப்புறம், இங்கே உள்ள ஒரு நடைமுறை. நம் ஊர் மாநாடுகளில் பரிசுக்குப் போஸ்டரை மதிப்பிட வரும் நடுவர் பெரும்பாலும் கையில் ஒரு மதிப்பெண் தாளோடு வருவார். அறிமுகத்துக்கு இத்தனை, முறைக்கு இத்தனை, மேற்கோள் பட்டியலுக்கு இத்தனை. ஒற்றை வாக்கியப் போஸ்டரின் முன் நின்று "மெத்தடாலஜி எங்கம்மா?" என்று கேட்பார். என்னிடம் கேட்டார்கள். ஓரத்தில் இருந்தது, அவர் கண்ணில் படவில்லை.

அதனால் நான் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழக்கத்துக்கு வந்தேன். தலைப்பிலேயே முடிவைச் சொல்லிவிடுவது. "துத்தநாக ஆக்சைடு மென்படலங்களின் ஒளியியல் பண்புகள் குறித்த ஓர் ஆய்வு" என்றால் யாரும் நிற்க மாட்டார்கள். என்ன செய்தோம், என்ன ஆனது என்று வினைமுற்றோடு ஒரு வாக்கியம் எழுதினால் நிற்பார்கள். நடுவில் ஒரே ஒரு பெரிய படம், போஸ்டரில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக. நடுவருக்காக அறிமுகம், முறை, முடிவு என்ற தலைப்புகளும் இருக்கும், ஒவ்வொன்றின் கீழும் நாலைந்து வரி. ஆய்வுச் சுருக்கம் வேண்டவே வேண்டாம், அது மாநாட்டு மலரிலேயே இருக்கிறது. நெறியாளர் சேர்க்கச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள், நானும் சேர்த்திருக்கிறேன்.

எழுத்து அளவுக்கு ஒரு சுலபச் சோதனை. ஏ0 தாளை ஏ4 ஆகச் சுருக்கினால் நீளமும் அகலமும் சரியாக நாலில் ஒன்றாகும். ஜெராக்ஸ் கடையில் ஏ4 ஒன்று எடுத்துக் கையில் பிடித்துப் படியுங்கள். 24 புள்ளி எழுத்து அதில் 6 புள்ளியாகத் தெரியும், அதுதான் அடிமட்டம். கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் அரங்கத்திலும் படிக்க மாட்டார்கள். பத்திகளின் எழுத்துக்கு 28, 32 என்று வைத்துக்கொண்டால் நிம்மதி, தலைப்பு 90-க்கு மேல்.

பவர்பாயிண்டா, லேடெக்கா, இன்க்ஸ்கேப்பா, கேன்வாவா

இதற்குத்தான் மாணவர்கள் அதிகம் சண்டை போடுவார்கள். என் பார்வையில் இதைத் தீர்மானிக்க ஒரே கேள்வி போதும்: கடைசி நேரத்தில் யார் திருத்துவார்கள்?

நெறியாளர் ராத்திரி பதினொன்றுக்குக் கோப்பைத் திறந்து அவரே ஒரு வரியை மாற்றுகிறவர் என்றால் பவர்பாயிண்ட், வேறு பேச்சில்லை. முதல் வேலையாக ஸ்லைடு அளவை 84.1 × 118.9 செ.மீ. என்று வைத்துவிடுங்கள், எல்லாம் முடித்தபின் மாற்றினால் பெட்டிகள் ஓடிப்போகும். அதில் ஒரு பக்கம் 56 அங்குலத்துக்கு மேல் போகாது. ஏ0-க்கு அது தடையில்லை. 56 அங்குலத்தைவிட நீளமான அமெரிக்கப் பலகைக்குப் பாதி அளவில் செய்து, இருநூறு சதவீதத்தில் அச்சிடச் சொல்ல வேண்டும். படங்களைச் சுருக்கிச் சேமிக்கும் பழக்கமும் அதற்கு உண்டு, அமைப்பில் போய் அதை நிறுத்திவிடுங்கள்.

சமன்பாடுகள் நிறைய, திருத்துவது நீங்கள் மட்டும் என்றால் லேடெக், அதாவது கட்டளைகளாக எழுதிப் பக்கம் அமைக்கும் மென்பொருள். பீமர்போஸ்டர், டிக்ஸ்போஸ்டர் என்று இரண்டு தொகுப்புகள் இருக்கின்றன, ஓவர்லீஃப் இணையதளத்தில் ஆயத்த வார்ப்புகள் (டெம்ப்ளேட்) கிடைக்கின்றன. கணிதம் அழகாக வரும். ஆனால் ஒரு படத்தை இரண்டு சென்டிமீட்டர் இடப்பக்கம் நகர்த்த ஒரு மாலைப்பொழுது போகும். பத்தி நிரம்பி வழிந்தால் எங்கே வழிகிறது என்று தேட வேண்டும். நான் ஒரு முறை செய்தேன், பெருமையாகத்தான் இருந்தது, இரண்டாவது முறை செய்யவில்லை.

இன்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருள் இலவசம், எதையும் எங்கும் வைக்கலாம், வரைபடங்களை எஸ்விஜி (கோடுகளாகவே சேமிக்கும் பட வடிவம்) ஆகவே உள்ளே கொண்டுவரலாம். எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் கோடு உடையாது. படம் வரையப் பிடித்தவர்களுக்கு இதுதான். கேன்வா இணையதளத்தில் பார்க்க அழகான வார்ப்புகள் உண்டு, சமன்பாட்டைப் படமாகத்தான் ஒட்ட வேண்டும், அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே நிற வடிவில் எடுக்கப் பணம் கட்டிய கணக்கு தேவை. சமூக அறிவியல், கல்வியியல் போஸ்டர்களுக்குத் தாராளமாகப் போதும்.

எதில் செய்தாலும் கடைக்குப் போவது பிடிஎஃப் ஆகத்தான் இருக்க வேண்டும், எழுத்துருக்கள் உள்ளே பதிந்த பிடிஎஃப். பவர்பாயிண்ட் கோப்பைக் கொடுத்தால் கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது, வரிகள் இடம் மாறும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ஆவணமாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் அது கசக்கிவிடும். ஏ0 அளவில் 150 டிபிஐ (அங்குலத்துக்கு 150 புள்ளி) என்பதே ஏறக்குறைய 4970 × 7020 படப்புள்ளி. வாட்ஸ்அப் படத்தில் அதெல்லாம் மிஞ்சாது.

தமிழில் போஸ்டர் போடுகிறவர்களுக்கு, அதாவது தமிழாய்வு, நாட்டார் வழக்காறு, வேளாண் விரிவாக்கம் என்று வருகிறவர்களுக்கு, கூடுதல் தலைவலி ஒன்று உண்டு. நாம் யூனிகோடில் அடித்திருப்போம். கடையில் கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளின் பழைய பதிப்பும், யூனிகோடு அல்லாத பாமினி மாதிரி எழுத்துருவும் வைத்திருப்பார்கள். பிடிஎஃபை அதற்குள் திறந்தால் "கொ" என்பது கொம்பு தனி, ககரம் தனி, கால் தனி என்று சிதறும். எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றிய ஒரு பிரதியையும் கையில் வைத்திருங்கள். இன்க்ஸ்கேப்பில் இதை ஒரே கட்டளையில் செய்யலாம். அப்புறம், தமிழ்ச் சொற்கள் நீளம். ஆங்கில வார்ப்பில் இருக்கும் மூன்று பத்தியில் தமிழை அடைத்தால் வரிக்கு இரண்டு சொல்தான் வரும், இடையில் பெரிய பெரிய ஓட்டை விழும். இரண்டு பத்தியாக வையுங்கள், வரி இடைவெளியையும் கொஞ்சம் கூட்டுங்கள். "ழு", "ளூ" எல்லாம் கீழே கால் நீட்டுகிறவை.

நிறத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. திரையில் பளிச்சென்ற நீலம் அச்சில் மங்கும் அல்லது ஊதாவாகத் திரியும், அதனால் முழுதும் அடிக்கும் முன் ஒரு துண்டு மட்டும் அதே மெஷினில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். வரைபடங்களில் வானவில் நிற அளவுகோலை விட்டுவிடுங்கள். வரைபடம் போடும் மேட்பிளாட்லிப் மென்பொருளே 2017இல் இருந்து, ஊதாவில் தொடங்கி மஞ்சளில் முடியும் விரிடிஸ் அளவுகோலைத்தான் இயல்பாகத் தருகிறது. சிவப்பும் பச்சையும் அருகருகே வேண்டாம், அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாத ஆண்கள் எந்த அரங்கத்திலும் சிலர் இருப்பார்கள். கியூஆர் கோடு போட்டால் இலவசத் தளங்களில் "மாற்றத்தக்க" கோடு எடுக்காதீர்கள். அவற்றில் பல கொஞ்ச நாள் கழித்துச் செத்துவிடும், அல்லது விளம்பரத்துக்குப் போகும். ஜெனோடோ என்ற ஆய்வுச் சேமிப்புத் தளத்தில் போஸ்டரை ஏற்றினால் நிரந்தரமான டிஓஐ (இணைய அடையாள எண்) கிடைக்கும், அதற்கே கோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

திரைப் போஸ்டரா, அச்சா என்று தேர்வு கொடுத்தால் அச்சையே எடுங்கள். என் ஐந்தாவது திரையில்தான் ஓடியது. அச்சுச் செலவு இல்லை, டியூப் இல்லை. ஆனால் ஒரே டிவியில் பன்னிரண்டு பேர் மாறி மாறி; எனக்கு ஒதுக்கியது ஐந்து நிமிடம். காகிதப் போஸ்டரின் சுகமே டீ இடைவேளையில் யாரோ ஒருவர் தம்ளரோடு வந்து நிற்பதுதான். திரையில் அந்த நேரத்தில் வேறு யாருடைய போஸ்டரோ ஓடிக்கொண்டிருந்தது.

ஜூனியர் கடைசியில் மேட் பேப்பர் என்று முடிவு செய்தாள். அவளுடைய நெறியாளர் திருத்துகிற ரகம், அதனால் பவர்பாயிண்ட். நேற்று ஏ4 பிரதியை விடுதிக் கதவில் ஒட்டிப் படம் அனுப்பியிருந்தாள். தலைப்பு தெரிந்தது, மேற்கோள் பட்டியல் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது, பன்னிரண்டை நாலாகக் குறைக்கச் சொன்னேன். அப்புறம் டியூப் கிடைக்குமா அக்கா என்றாள். என் அலமாரி மேல் ஒன்று இருக்கிறது, வந்து எடுத்துக்கொள் என்றேன். மூடி மட்டும் எங்கேயோ தொலைந்துவிட்டது. பாலிதீன் கவரும் ரப்பர் பேண்டும் போட்டுக்கொண்டால் கோவை வரைக்கும் தாங்கும்.